சியா கொலிசி கோட்டாவில் வந்த கேப்டனா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்க ரக்பி அணியின் கேப்டன் சியா கொலிசி இரண்டு உலகக் கோப்பைகளைக் கையில் ஏந்தியவர். ஆனால் அவரைவிட நன்றாக ஆடுகிறவர்கள் அந்த அணியிலேயே இருக்கிறார்கள், கறுப்பினத்தவர் என்பதால் கோட்டாவில் கேப்டன் ஆனவர் என்று சிலர் சொல்கிறார்கள். இதில் எது உண்மை, அவருடைய கதைதான் என்ன? ரக்பி பார்த்துப் பழக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அவரைவிட நன்றாக ஆடுகிறவர்கள் அணியில் உண்டு என்பது உண்மைதான். பீட்டர் ஸ்டெஃப் டு டோய்ட் என்று ஒருவர், உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2019-லும் 2024-லும் வாங்கியவர். கொலிசி ஆறாம் எண் போட்டு ஆடினால் இவர் ஏழாம் எண். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. ஆட்டத் திறமையை மட்டும் தராசில் வைத்தால் டு டோய்ட் பக்கம்தான் தட்டு இறங்கும். ஆனால் கோட்டா என்கிற பேச்சு வேறு. அதற்குப் பதில் சொல்ல அவர் பிறந்த ஊரிலிருந்து வரவேண்டும்.

கிழக்குக் கேப் மாகாணத்தில் போர்ட் எலிசபெத் என்று ஒரு துறைமுக நகரம். 2021-ல் பெயரை மாற்றிவிட்டார்கள். புதுப் பெயரைத் தமிழில் கெபெர்ஹா என்று எழுதலாம், ஆனால் சரியாகச் சொல்ல முடியாது. அங்குள்ள கறுப்பின மக்கள் பேசும் கோசா மொழியில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று சொடுக்குகிற ஓர் ஒலி உண்டு. நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. அந்த நகரத்தின் ஓரத்தில், கறுப்பின மக்களை ஒதுக்கிக் குடிவைத்த பகுதிகளில் ஒன்று ஸ்விடே. கொலிசியின் ஊர் அதுதான்.

ரக்பி என்றாலே வெள்ளையர் ஆட்டம், கறுப்பினத்தவர் கால்பந்து ஆடுகிறவர்கள் என்று வெளியில் ஓர் எண்ணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் மற்ற பகுதிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். கிழக்குக் கேப்புக்குப் பொருந்தாது. அங்கே மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாக கோசா மக்களிடம் ரக்பி 19-ஆம் நூற்றாண்டிலேயே புகுந்துவிட்டது. போர்ட் எலிசபெத்தில் கறுப்பினத்தவரின் முதல் ரக்பி மன்றம் 1887-லேயே தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை, அதாவது நாட்டு அணிகள் மோதும் பந்தயத்தை, 1891-ல் ஆடியதும் இதே நகரத்தில்தான். அதாவது, தேசிய அணி பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ரக்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். தேசிய அணியின் கதவு மட்டும் அவர்களுக்குத் திறக்கவில்லை. ஸ்விடேயில் டான் கெக்கே பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் அரசு தயவை எதிர்பார்க்காமல், அந்த மனிதரின் முன்முயற்சியில் ஊர் மக்களே உருவாக்கிக்கொண்ட இடம் அது.

கொலிசி பிறந்தது 1991 ஜூன் 16. அந்தத் தேதிக்கு அங்கே ஒரு கனம் உண்டு. 1976-ல் சொவெட்டோ மாணவர்கள்மேல் காவல்துறை சுட்ட நாள் அது. அவர் பிறந்த மறுநாள், ஒவ்வொரு குழந்தையையும் இன்ன நிறம் என்று பதிவேட்டில் எழுதிவைக்கும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ரத்தானது. கதை எழுதுகிறவர் இப்படித் தேதி போட்டால் மிகை என்போம். நடந்தது அதுதான்.

அம்மா பக்காமாவுக்கு அப்போது 16 வயது. அப்பா ஃபெசக்கேலேயும் பள்ளிப் படிப்பை முடித்திராதவர். பிள்ளையை வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி நொலுலாமிலே. அடுத்தவர் வீட்டுச் சமையலறைகளைத் துடைத்துச் சம்பாதித்தவர். சியாம்தாண்டா என்பதுதான் கொலிசியின் முழுப்பெயர். கோசாவில் 'அவன்மேல் எங்களுக்கு அன்பு' என்று பொருள். அன்பு இருந்தது, சாப்பாடுதான் இல்லை. இரவில் வரவேற்பறைத் தரையில் மெத்தைத் துண்டுகளைப் போட்டுப் படுக்கை. விளையாட்டுச் சாமான் ஒரு செங்கல். அதைத் தரையில் தள்ளிக்கொண்டே போனால் கார். பாட்டி அவருடைய சிறுவயதிலேயே அவர் கையிலேயே உயிர்விட்டார். பதின்ம வயதில் அம்மாவும் போய்விட்டார். அந்த வயதில் பெரிய கனவு எதுவும் இல்லை, அடுத்த வேளைச் சாப்பாடுதான் கனவு என்று பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தொடக்கப் பள்ளியில் எரிக் சொங்விகி என்ற ஆசிரியர் இருந்தார். ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் என்ற உள்ளூர் ரக்பி மன்றத்துக்குச் சிறுவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான். கொலிசியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் பலரும் உலகக் கோப்பையைச் சொல்வார்கள். நான் இந்த ஆசிரியரைத்தான் சொல்வேன். 12 வயதில் மாகாண அளவிலான தேர்வுக்குப் போனபோது பையனிடம் ரக்பி கால்சட்டை இல்லை. உள்ளே போடும் பாக்ஸரோடு மைதானத்தில் இறங்கி ஆடினான். மோசல் பே என்ற கடலோர ஊரில் நடந்த சிறுவர் பந்தயத்தில் கிரே பள்ளியின் கண்ணில் பட்டான். கல்வி உதவித்தொகையோடு அங்கே இடம் கிடைத்தது.

கிரே, போர்ட் எலிசபெத்தின் பழைய, வசதியான பள்ளி. மணிக்கூண்டு, பச்சைப் புல்வெளி, விடுதி எல்லாம் உண்டு. ஸ்விடேயிலிருந்து அங்கே போக அதிக நேரம் ஆகாது, ஆனால் வேறு நாட்டுக்குப் போனது மாதிரி. தனக்கென்று ஒரு கட்டில், மூன்று வேளை உணவு, காலுறை என்று எல்லாமே முதல்முறை. ஆங்கிலம் தெரியாது. வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தான். இவன் பதிலுக்குக் கோசா சொல்லிக்கொடுத்தான். பல வருடங்கள் கழித்துத் தனக்கு மகன் பிறந்தபோது அந்த நண்பனின் பெயரையே வைத்தார் கொலிசி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை இனிப்பாகிவிடும். கிரே கிடைத்தது ஒரு பையனுக்கு. அதே தெருவில், அதே மன்றத்தில் ஆடிய மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்க ரக்பியில் இன்றைக்கும் கறுப்பின ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியினர் இந்த மாதிரிச் சில பணக்காரப் பள்ளிகளின் வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். திறமை ஸ்விடேயில் இருக்கிறது, புரதம் கிரேயில் இருக்கிறது. கோட்டா பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும்.

2007-ல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 15-6 என்று வென்று இரண்டாவது முறையாக உலகக் கோப்பை வாங்கியபோது கொலிசிக்கு 16 வயது. வீட்டில் டிவி இல்லாததால் ஊரில் இருந்த மதுக்கடையில் நின்று பார்த்தார்.

பள்ளி முடிந்ததும் கேப் டவுனுக்குப் போனார். வெஸ்டர்ன் ப்ராவின்ஸ் என்ற மாகாண அணிக்கு அவரைச் சேர்த்தவர் ராஸி எராஸ்மஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். 2012-ல் அதே கேப் டவுனின் ஸ்டார்மர்ஸ் அணி. 2013 ஜூன் 15, நெல்ஸ்புரூட்டில் ஸ்காட்லாந்துக்கு எதிரான பந்தயத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவருக்குக் காயம், இவரை இறக்கினார்கள். ஆட்டம் முடிந்தபோது ஆட்ட நாயகன் விருது இவருக்கு. மறுநாள் 22-வது பிறந்தநாள்.

அதற்குப் பிறகு உடனே வானத்தில் பறந்துவிடவில்லை. 2015 உலகக் கோப்பையில் இரண்டு பந்தயங்களில், இரண்டிலும் மாற்று ஆட்டக்காரராக, கொஞ்ச நேரம் ஆடினார். அதில் ஒன்று ஜப்பானிடம் 34-32 என்று தோற்ற அந்த அவமானம். அணியில் நிலையான இடம் கிடைத்தது 2017-ல்தான். அதே ஆண்டு ஸ்டார்மர்ஸ் அணிக்குக் கேப்டன் ஆனார்.

2018 மே மாதம், எராஸ்மஸ் தேசிய அணியின் பயிற்சியாளராக வந்ததும் கொலிசியைக் கேப்டன் என்று அறிவித்தார். 1891 முதல் அத்தனை டெஸ்ட்களிலும் தென்னாப்பிரிக்க அணியை வழிநடத்திய முதல் கறுப்பினத்தவர். முதல் பந்தயம் ஜூன் 9, ஜோஹானஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில், இங்கிலாந்துக்கு எதிராக. ஆரம்பத்திலேயே 24-3 என்று பின்தங்கினார்கள். கேலி எழுதக் காத்திருந்தவர்கள் பேனாவைத் திறந்திருப்பார்கள். முடிவு 42-39, தென்னாப்பிரிக்காவுக்கு வெற்றி.

இப்போது கோட்டா விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்க ரக்பி வாரியம் 2019-க்குள் அணியில் பாதிப்பேர் வெள்ளையர் அல்லாதவராக இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது உண்மை. அதனால் அறிவிப்பு வந்த நாளே 'அரசியல் நியமனம்' என்ற முணுமுணுப்பும் வந்தது. இதில் வேடிக்கை, சில மாதங்கள் கழித்து ஒரு ஜப்பானியச் செய்தி நிறுவனத்துக்குக் கொடுத்த பேட்டியில் கொலிசியே இந்த முறையை விமர்சித்தார். மண்டேலா இதை ஆதரித்திருக்கமாட்டார் என்று நினைப்பதாகவும், நிறத்துக்காகத் தன்னைத் தேர்ந்தெடுப்பதைத் தான் விரும்பமாட்டேன் என்றும் சொன்னார். உள்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 'நீ ஏறிவந்த ஏணியையே எட்டி உதைக்கிறாயா' என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இலக்கு என்று ஒன்று இல்லாமல் அந்த அணி தானாக மாறியிருக்காது. 1995-ல் கோப்பை வென்ற இறுதிப் போட்டியில் களமிறங்கிய 15 பேரில் வெள்ளையர் அல்லாதவர் ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். 2007-ல் இரண்டு பேர். 2019-ல் ஆறு பேர். அந்தப் பேட்டியின் மற்ற பகுதி பரவவே இல்லை. மாற்றத்தை மேலே தேசிய அணியில் கொண்டுவந்து ஒட்டினால் போதாது, ஒதுக்குப்புறக் குடியிருப்புகளிலிருந்து தொடங்கவேண்டும், கிரே பள்ளிக்குப் போகாவிட்டால் நான் சரியாகச் சாப்பிட்டிருக்கவே மாட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னது அது. மேலே நான் சொன்ன புரதக் கணக்கை அவர் நேரிலேயே வாழ்ந்தவர்.

அவர் ஆட்டத்தில் என்ன செய்கிறார்? அவருடைய இடத்துக்கு ஃபிளாங்கர் என்று பெயர். பந்தோடு ஓடிவருகிறவனை மடக்கிச் சாய்ப்பது, கபடியில் இடுப்பைக் கட்டிப் பிடிப்பது மாதிரி. சாய்ந்தவன் பந்தை விட்டாகவேண்டும். அந்த நொடியில் இரண்டு பக்கத்து ஆட்களும் மேலே வந்து மோதுவார்கள். ஃபிளாங்கர் காலை அகட்டி ஊன்றி, குனிந்து, முட்டி தரையில் படாமல், கீழே கிடப்பவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கவேண்டும். அவர் கழுத்தின்மேல் 110 கிலோ ஆள் வந்து விழுவான். இதை ஓர் ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். டிவியில் பார்க்கிறவனுக்குக் குவியலாகக் கிடக்கும் உடம்புகள்தான் தெரியும். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போடுகிறவன் பெயர் பலகையில் வரும், இவன் பெயர் வராது. கொலிசி இந்த வேலையைச் சலிப்பில்லாமல் செய்கிறவர். ஓட்டத்திலும் வேகம் உண்டு, ஆனால் முதன்மையாக உழைப்பாளி.

அந்த ஆறாம் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1995-ல் கோப்பை வென்ற கேப்டன் ஃபிரான்ஸ்வா பினார் போட்டிருந்ததும் ஆறு. அவருக்குக் கோப்பை கொடுக்க வந்த மண்டேலா போட்டிருந்த பச்சைச் சட்டையிலும் ஆறு. கொலிசிக்கு அது வேண்டுமென்றே கொடுத்த எண் அல்ல. அவர் ஆடும் இடத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் அதுதான் எண். மற்ற பெரும்பாலான நாடுகளில் அதே இடத்துக்கு ஏழு.

2019 உலகக் கோப்பைக்கு முன் முழங்காலில் காயம்பட்டு மாதக்கணக்கில் ஆடவில்லை. ஜப்பானில் முதல் பந்தயத்திலேயே நியூசிலாந்திடம் 23-13 தோல்வி. லீக் சுற்றில் தோற்ற எந்த அணியும் அதுவரை கோப்பை வென்றதில்லை. அப்புறம் காலிறுதியில் ஜப்பானை 26-3, அரையிறுதியில் வேல்ஸை 19-16 என்று வென்றார்கள். நவம்பர் 2, யோகோஹாமாவில் இறுதிப் போட்டி. கொலிசிக்கு 50-வது டெஸ்ட். இங்கிலாந்து 32-12 என்று நசுங்கியது. இரு அணி ஆட்களும் குனிந்து தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரமில் தென்னாப்பிரிக்கா தள்ளிய தள்ளலில் இங்கிலாந்து பெனால்ட்டிக்கு மேல் பெனால்ட்டி கொடுத்தது, ஹன்ட்ரே பொலார்ட் உதைத்து உதைத்துப் புள்ளி சேர்த்தார். கடைசியில் மப்பிம்பி, கோல்பே ஆளுக்கொரு ட்ரை. அரங்கத்தில் அப்பா ஃபெசக்கேலே உட்கார்ந்திருந்தார். மகன் கோப்பையைத் தூக்குவதைப் பார்க்கத்தான் முதல்முறையாக வெளிநாட்டுக்கு வந்திருந்தார்.

ரக்பியில் நடுவரோடு பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். மற்றவர் முடிவை எதிர்த்து வாதாடினால் தண்டனை. கேப்டனும் 'சார்' போட்டுப் பேசுவதுதான் வழக்கம். 2021-ல் பிரிட்டன், அயர்லாந்து கூட்டணி அணியான லயன்ஸ் வந்தபோது முதல் டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்கா 22-17 என்று தோற்றது. எராஸ்மஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு காணொளியில் நடுவரின் தவறுகளை அடுக்கினார். அதில் ஒன்று, லயன்ஸ் கேப்டன் பேசினால் நடுவர் காதுகொடுத்துக் கேட்கிறார், எங்கள் கேப்டன் போனால் அந்த மரியாதை இல்லை என்பது. அந்தக் காணொளிக்காக எராஸ்மஸுக்குத் தடை விழுந்தது, அது விழவேண்டியதுதான். ஆனால் கொலிசியும் தனக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார், சத்தம் போடாமல். அடுத்த இரண்டு டெஸ்ட்களையும் வென்று தொடரை 2-1 என்று முடித்தார்கள். என் கணக்கில் அவர் ஆட்டத்தின் உச்சம் அந்த ஆண்டுதான்.

அதே ஆண்டு அவர் டர்பனின் ஷார்க்ஸ் அணிக்கு மாறியிருந்தார். நம்மவர் வம்சாவளியினர் நிறைய வாழும் அதே டர்பன்தான். 2023 ஏப்ரலில் அந்த அணிக்கு ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதத்துக்குள், ஆகஸ்ட் 19-ல், கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராகக் களத்தில் நின்றார்.

அந்த 2023 உலகக் கோப்பையின் கடைசி மூன்று பந்தயங்களை ரக்பி தெரியாதவர்களும் தேடிப் பார்க்கலாம். பிரான்ஸை 29-28. இங்கிலாந்தை 16-15. இறுதியில் நியூசிலாந்தை 12-11. மூன்றும் ஒரே ஒரு புள்ளி. அக்டோபர் 28, பாரிஸ், மழை. முதல் பாதியிலேயே நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் தலையில் மோதியதற்காக வெளியேற்றப்பட்டார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் முதல் சிவப்பு அட்டை. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் கொலிசியும் நியூசிலாந்தின் ஆர்டி சவேயாவின் தலையில் மோதினார். மஞ்சள் அட்டை. அதாவது பத்து நிமிடம் வெளியே. அது சிவப்பாக மாறுமா என்று தனியறையில் நடுவர்கள் காணொளியைப் பார்த்து முடிவு சொல்லும்வரை காத்திருக்கவேண்டும். கோட்டுக்கு வெளியே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்க்கவேண்டும். மஞ்சளோடு போகட்டும் என்று முடிவு வந்து திரும்பினார். கடைசி ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது மாற்று ஆட்டக்காரரை இறக்கி அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். கோல்பேக்கும் மஞ்சள் அட்டை. அவர் சட்டையைத் தலைக்குமேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே 14 பேர் ஒரு புள்ளியைக் காத்து நின்றார்கள். நியூசிலாந்தின் நீண்ட பெனால்ட்டி உதை ஒன்று கம்பத்தை விட்டு விலகிப் போனது. தொடர்ந்து இரண்டு கோப்பைகளைத் தூக்கிய கேப்டன் அவருக்கு முன் நியூசிலாந்தின் ரிச்சி மக்கா ஒருவர்தான்.

மைதானத்துக்கு வெளியே சுருக்கமாகச் சொல்கிறேன். 2020-ல் மனைவி ரேச்சலோடு சேர்ந்து கொலிசி அறக்கட்டளையைத் தொடங்கினார். தொற்றுக் காலத்தில் உணவுப் பொருட்களைக் கொடுத்தது, பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பற்றிப் பேசுவது என்று வேலை செய்தார்கள். சிறுவயதில் வீட்டைச் சுற்றிப் பார்த்த வன்முறையையும், தன்னுடைய குடிப்பழக்கத்தையும் அவர் மறைத்ததில்லை. அம்மா இறந்தபிறகு காப்பகங்களில் வளர்ந்த தம்பி தங்கையைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். 2024-ல் அவரும் ரேச்சலும் பிரிவதாக அறிவித்தார்கள். நடுவில் ஓராண்டு பாரிஸின் ராசிங் அணி, பிறகு மறுபடி ஷார்க்ஸ்.

கோட்டா என்று கேட்டீர்களே, அதற்கு நான் காட்டும் ஆதாரம் கோப்பைகள்கூட இல்லை. 2025 நவம்பர் 8-ல் பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக அவருக்கு 100-வது டெஸ்ட். இரண்டு ஆண்டுக்கு முன் மஞ்சள் அட்டை வாங்கி உட்கார்ந்திருந்த அதே மைதானம். இடைவேளைக்குச் சற்று முன் லோட் டி யாகர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, தென்னாப்பிரிக்கா 14 பேரானது. பிரான்ஸ் ஒரு புள்ளி முன்னிலை. இடைவேளையில் எராஸ்மஸ் கணக்குப் போட்டு, தன் கேப்டனையே, அதுவும் நூறாவது பந்தயத்தில், வெளியே எடுத்துவிட்டார். நிறத்துக்காகவோ படத்துக்காகவோ வைத்திருக்கும் கேப்டனிடம் எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் செய்யத் துணியமாட்டார். ஆட்டம் 32-17 என்று தென்னாப்பிரிக்காவுக்கு முடிந்தது. கொலிசி அந்த நாற்பது நிமிடமும் கோட்டுக்கு வெளியே இருந்துதான் பார்த்தார்.